அளந்த எண்ணும் விதித்த எண்ணும்

புணே நகரத்தின் வடமேற்கே, பவனா நதி முளா நதியோடு கூடும் இடத்தை ஒட்டி அமைந்திருக்கும் சாங்வியில் குடியிருப்பவர்கள், மழைக்காலம் தொடங்கிவிட்டால் பத்திரிகையில் முதலில் தேடுவது எண்களைத்தான். மேற்கு மலைச்சரிவில் முளா நதியின் குறுக்கே முள்ஷி அணையும் பவனா நதியின் குறுக்கே பவனா அணையும் நிற்கின்றன. ஆகையால், அவற்றிலிருந்து வினாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி நீர் திறந்துவிடப்படுகிறது என்பதும், சிவாஜிநகர் வானிலை ஆய்வகத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று என்பதும், பருவமழை இவ்வாண்டு சராசரியில் எத்தனை சதவீதமாக அமையும் என்ற முன்னறிவிப்பும் கரையோரத்தில் குடியிருப்பவனுக்குப் பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல. தரைத்தளத்துச் சாமான்களை மாடிக்கு ஏற்றுவதா வேண்டாமா என்பதை நிர்ணயிக்கும் பிரமாணங்கள்.

இம்மூன்று எண்களும் ஒரே பக்கத்தில் ஒரே அச்செழுத்தில் வருகின்றன என்றாலும் அவற்றின் தகுதி ஒன்றல்ல. மழையின் அளவு ஒரு பாத்திரத்தில் விழுந்த நீரை நேரே அளந்து சொன்னது. அணையிலிருந்து வெளியேறும் நீரின் அளவு, மதகு எவ்வளவு உயர்த்தப்பட்டது, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பவற்றைக் கொண்டு அட்டவணையின் துணையால் கணித்துச் சொன்னது. பருவமழைச் சதவீதமோ இன்னும் நிகழாததைப் பற்றிய அனுமானம். ஓர் எண்ணைப் பார்த்தவுடன் அதில் எத்தனை இலக்கங்களை நம்பலாம் என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்களுக்கு ஊட்டுவதற்காகவே, பதினோராம் வகுப்புப் பௌதிகப் புத்தகத்தின் முதல் பாடத்தில் அலகுகளும் அளவீடும் அறிவியல் குறியீடும் முக்கிய எண்ணுருக்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பரீட்சை முடிந்ததும் மாணவர் நினைவில் தங்குவது, பூஜ்யங்களை எப்போது எண்ணுவது, எப்போது விடுவது என்ற நாலைந்து விதிகள் மட்டுமே. அவ்விதிகள் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன, எதுவரை செல்லுபடியாகும், எங்கே தவறிப்போகும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்களின் பிறப்பு

பூஜ்யத்தைப் பற்றிப் பேசுமுன், எண்கள் நம் கைக்கு வந்து சேரும் வழிகளைப் பிரித்துக்கொள்வது நலம். ஒரு வகுப்பில் 42 மாணவர்கள் இருக்கிறார்கள் என்றால் அது எண்ணிச் சொன்னது; அங்கே 42.3 என்பதற்கு இடமில்லை. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்றாலோ, ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்றாலோ அது மனிதர்கள் கூடி விதித்தது. அதிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு மேஜையின் நீளம் 1.52 மீட்டர் என்றால் அது அளந்து சொன்னது. அப்படிச் சொன்னவன், உண்மை நீளம் 1.515-க்கும் 1.525-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொறுப்பேற்கிறான், 1.520 மீட்டர் என்று சொன்னானானால் அந்த இடைவெளியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கிக் காட்டும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறான். கணித ஆசிரியருக்கு 1.52-ம் 1.520-ம் ஒன்றே. பௌதிக ஆசிரியருக்கு அவை இரண்டு வெவ்வேறு வாக்குமூலங்கள்.

முக்கிய எண்ணுரு, அதாவது நம்பத்தக்க இலக்கம், என்ற விஷயம் முழுவதும் அளந்த எண்ணுக்கு மட்டுமே உரியது. எண்ணிய எண்ணுக்கும் விதித்த எண்ணுக்கும் அதனால் கட்டுப்பாடு இல்லை. இந்த ஒரு பாகுபாட்டை மறந்துவிடுவதால்தான், வட்டத்தின் விட்டம் ஆரத்தைப் போல் 2 மடங்கு என்னும் சூத்திரத்தில் வரும் 2-ஐப் பார்த்து, அதற்கு ஒரே இலக்கம் இருப்பதால் விடையையும் ஒரே இலக்கத்தில் தரவேண்டுமோ என்று மாணவன் மயங்குகிறான்.

ஏட்டில் பிறந்த பின்னம்

இந்த மயக்கம் புதியதன்று. முதலாம் இராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றி எழுதும் சரித்திர ஆசிரியர்கள், ஒரு வேலியில் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்பட்டது என்று வியந்து குறிப்பிடுவது வழக்கம். இத்தொகையைக் கேட்டவுடன் சோழர்களின் அளவுகோல் எத்தனை நுட்பமானது என்று பெருமிதம் கொள்ளத் தோன்றும். அந்தப் பெருமிதத்தைச் சற்றே நிறுத்தி வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இக்காலத்து வழக்கப்படி வேலியைச் சுமார் 6.6 ஏக்கர் என்று கொண்டால், அது ஏறத்தாழ 2.7 × 10¹⁰ சதுர மில்லிமீட்டர். அதை 5.2 × 10¹⁰ ஆல் வகுத்தால் வருவது அரைச் சதுர மில்லிமீட்டர். அதாவது, ஒரு குண்டூசியின் தலைக்குக்கூடப் போதாத நிலம். சாண் கணக்கில் நீளம் சொல்லப்பட்ட கோலைச் சேற்றிலும் வரப்பிலும் புரட்டி அளந்தவர்கள் இவ்வளவு சிறிய பரப்பைக் கண்ணால் பார்த்து அளந்திருக்க முடியாது.

அப்படியானால் அந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது? தமிழ்க் கணக்கில் மாகாணி 16-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, முந்திரி 320-ல் ஒரு பங்கு. முந்திரியை மீண்டும் 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. இவ்விதம் கீழுக்குக் கீழாக இறங்கிக்கொண்டே போகும் அந்த ஏணியில் படிகளுக்கு முடிவில்லை. 320-ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கி, வரும் தொகையை 1,600-ஆல் பெருக்கினால் மேற்சொன்ன 52,428,800,000 அப்படியே கிடைக்கிறது. ஆகவே அது வயலில் பிறந்த எண் அன்று, ஏட்டில் பிறந்த எண் என்று கொள்வதே பொருத்தம். ஊரின் மொத்த நிலத்திலிருந்து கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து மிச்சத்துக்கு வரி கட்டவேண்டிய கணக்கன், கூட்டலும் கழித்தலும் ஒரு பின்னமும் சிந்தாமல் பொருந்தவேண்டும் என்பதற்காகக் கடைசிப் படிவரை இறங்கியிருக்கிறான். கணக்கன் என்ற முறையில் அவன் செய்தது குற்றமற்ற வேலை. அவனுடைய ஏட்டுச் சுத்தத்தை அளவுகோலின் நுட்பம் என்று எடுத்துக்கொள்வது நம்முடைய பிழை.

சங்கிலியும் சிகரமும்

அளவையின் பொறுப்பை இந்தியாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த சம்பவம் சென்னையில் நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே ஆரம்பம். அவர் கையாண்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தின் நிழலில் வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளைப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டுதான் அளந்தார்கள். இவ்வளவு பிரயாசை எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் தன் நீளத்தில் 1.2 × 10⁻⁵ பங்கு நீள்கிறது. சென்னைச் சித்திரை வெயிலில் சங்கிலி 10 டிகிரி அதிகமாகச் சூடேறியதைக் கவனியாமல் விட்டால், 40,000 அடிக்கு ஏறத்தாழ 5 அடி பிழை விழும். அந்நிலையில் அடியின் பத்தில், நூறில் என்று தசம ஸ்தானங்களை அடுக்குவது பொருளற்ற அலங்காரமாகிவிடும்.

இங்கே கவனிக்கவேண்டிய பேதம் ஒன்று உண்டு. வெப்பத்தால் நீண்ட சங்கிலியைக் கொண்டு நூறு முறை திரும்பத் திரும்ப அளந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று நெருங்கியே வரும். ஆனால் எல்லாம் ஒருமுகமாகத் தவறியிருக்கும். திரும்ப அளக்கையில் விடைகள் ஒன்றையொன்று ஒத்துவருவதைப் பாடப்புத்தகம் நுட்பம் என்கிறது. உண்மை மதிப்புக்கு அருகில் வருவதைத் துல்லியத்தன்மை என்கிறது. முன்னதை மீள்சோதனையால் அறியலாம். பின்னதை அறியக் கருவியையே சந்தேகிக்கவேண்டும். திருகு அளவியின் முகங்கள் இரண்டும் தொட்டிருக்கும்போது அதன் தலைக்கோல் சுழியில் நிற்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இந்தச் சந்தேகத்தின் முதற்பாடமே.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. 1856-ல் நில அளவைத் தலைவர் ஆண்ட்ரூ வா உலகத்துக்கு அறிவித்த உயரம் 29,002 அடி; அதன் கணிதப் பணியில் பெரும் பங்கு ராதாநாத் சிக்தாருடையது. கணக்கில் கிடைத்தது சரியாக 29,000 என்றும், அதை அப்படியே சொன்னால் ஏதோ உத்தேசமாகச் சொன்னதாக ஜனங்கள் எண்ணிவிடுவார்கள் என்று அஞ்சி இரண்டடி சேர்த்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆனால் சமவெளியில் நூறு மைலுக்கு அப்பாலிருந்த ஆறு நிலையங்களிலிருந்து கண்ட உயரங்களில் மிகக் குறைந்தது 28,990 அடி, மிக அதிகம் 29,026 அடி. ஆறின் சராசரியும் 29,002 அடிதான். கதை பொய்யே. எனினும் அது இத்தனை காலம் உயிரோடிருப்பதற்குக் காரணம், 29,000 என்று எழுதினால் அந்தப் பூஜ்யங்கள் அளந்து பெற்றவையா, இடம் நிரப்ப வைத்தவையா என்று வாசகனுக்குத் தெரியாது என்ற உண்மையான சங்கடம்.

ஆறு அளவுகளும் தம்முள் 36 அடி வேறுபடுகின்றன. அவற்றின் சிதறலைக் கொண்டு கணித்தால் சராசரியில் ஏறத்தாழ 5 அடி ஐயம் இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் 1955-ல் இந்திய நில அளவைத் துறை 29,028 அடி என்று திருத்தியது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. அதை அடியாக மாற்றினால் ஏறத்தாழ 29,032 வருகிறது. முதல் கணக்கு 5 அடிக்கு உத்தரவாதம் தந்தாலும் உண்மையில் 30 அடி குறைந்திருந்தது. நூறு மைல் காற்றினூடே வளைந்துவரும் ஒளியின் விலகலைச் சரிக்கட்டுவதில் இருந்த குறை ஆறு நிலையங்களையும் ஏறத்தாழ ஒரே திசையில் இழுத்தமையால், அவற்றின் ஒற்றுமை உண்மைக்குச் சான்றாகவில்லை. அதுபோகட்டும், எதை அளக்கிறோம் என்பதிலும் தகராறு உண்டு. 2005-ல் சீனர்கள் 8,844.43 மீட்டர் என்று அறிவித்தது பாறையின் உச்சியை. மற்றவர்கள் சொல்வது அதன்மேல் உறைந்திருக்கும் பனியின் உச்சியை. இரண்டு தசம ஸ்தானம் வரை சொல்லப்பட்ட இரண்டு உயரங்கள் நாலு மீட்டருக்கு மேல் வேறுபடுவதற்கு இருவரில் ஒருவரும் தவறு செய்யவேண்டியதில்லை.

பூஜ்யத்தின் இரு தொழில்

எவரெஸ்ட் கதையில் கண்ட பூஜ்யத்தின் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு ஏற்பட்ட சாதனமே அறிவியல் குறியீடு. முள்ஷி அணையிலிருந்து வினாடிக்கு 15,000 கன அடி திறக்கப்பட்டது என்று எழுதும்போது மூன்று பூஜ்யங்களும் வெறும் ஸ்தானம் காட்டும் வேலையைச் செய்கின்றனவா, அளவைச் சொல்லும் வேலையைச் செய்கின்றனவா என்று கண்டுகொள்ள வழியில்லை. 1.5 × 10⁴ என்று எழுதினால் இரண்டு இலக்கங்களுக்கே பொறுப்பு, 1.500 × 10⁴ என்று எழுதினால் நான்குக்கும் பொறுப்பு. பத்தின் அடுக்கு ஸ்தானத்தைச் சொல்லிவிடுகிறது. முன்னே நிற்கும் எண் நம்பகத்தைச் சொல்கிறது. 0.0046 மீட்டரில் முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் ஏன் கணக்கில் சேர்வதில்லை என்பதும் இதனாலேயே விளங்கும்: அதையே 4.6 மில்லிமீட்டர் என்று எழுதினால் அவை மறைந்துவிடுகின்றன; அலகை மாற்றியவுடன் மறைந்துபோகும் பூஜ்யம் அளவையின் செய்தியாக இருக்க முடியாது. 0.460-ன் கடைசிப் பூஜ்யமோ எந்த அலகுக்கு மாற்றினாலும் கூடவே வரும். மாணவர் மனப்பாடம் செய்யும் விதிகள் யாவும் இந்த ஒரே தத்துவத்தின் கிளைகள்.

அறிவியல் குறியீட்டின் இன்றியமையாமையை உணர, சாங்வியிலிருந்து முளா நதியைத் தாண்டி ஔந்து வழியாகப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகவேண்டும். அங்கேதான் தேசிய வானொலி வானியற்பியல் மையம் இருக்கிறது. நாராயண்காவ் அருகே கோடத் என்னும் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட தொலைநோக்கி அம்மையத்தைச் சேர்ந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை முதலில் கட்டிப் பழகியவர்களின் பரம்பரையில் எழுந்தது. இவ்வளவு பெரிய கருவிகள் வேண்டியிருப்பதற்குக் காரணம், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகள் மிகப் பலவீனமானவை என்பதே. அவற்றை அளக்கும் ஜான்ஸ்கி என்ற அலகு, ஒரு சதுர மீட்டரில் ஒரு ஹெர்ட்ஸுக்கு 10⁻²⁶ வாட். தசமப் புள்ளிக்குப் பிறகு 25 பூஜ்யம் எழுதி வாசிக்கும் பொறுமை எவருக்கும் இராது. அதே மையத்தில் ஹைட்ரஜன் வாயுவின் அலையைப் பற்றிப் பேசுகையில் 21 சென்டிமீட்டர் அலை என்று இரண்டே இலக்கத்தில் சொல்வார்கள். கருவியைத் திருப்பிவைக்கும்போது அதன் அதிர்வெண்ணை 1420.40575 மெகாஹெர்ட்ஸ் என்று ஒன்பது இலக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் ஒரே பொருளின் அளவு. காரியத்துக்கு வேண்டிய இலக்கமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கணக்கின் நடுவே முழுமைப்படுத்தினால்

அளந்த எண்களைக் கொண்டு கணக்கிடும்போது விடையில் எத்தனை இலக்கம் வைப்பது? பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருவுக்கு இணங்கவும், கூட்டலிலும் கழித்தலிலும் மிகக் குறைந்த தசம ஸ்தானத்துக்கு இணங்கவும் விடை அமையவேண்டும் என்பது விதி. கூடவே ஒரு எச்சரிக்கை: இடைக்கணக்கில் முழுமைப்படுத்தாதே, கடைசியில் ஒரு முறை செய். இந்த எச்சரிக்கையை மீறுவதன் பலனைச் சுதந்தர இந்தியா முழுவதும் ஒரு முறை அனுபவித்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தபோது 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. கணக்குப்படி ஓரணா 6.25 நயா பைசா; ஆனால் கால் பைசா இல்லாததால் 6 என்று முழுமைப்படுத்தினார்கள். ஓரணாவாகப் பதினாறு முறை மாற்றினவனுக்கு 96 நயா பைசாவே கிடைத்தது; ஒரே முறையில் ஒரு ரூபாயை மாற்றினவனுக்கு 100. ஒவ்வொரு படியிலும் செய்த சிறு முழுமைப்படுத்தல்கள் ஒருதிசையாகச் சேர்ந்து நாலு பைசாவை விழுங்கிவிட்டன. சரியாக அரைப் பைசா மிஞ்சினால் அதைத் தள்ளிவிடுவது அன்றைய நாணயச் சட்டம், ஆகவே 37.5 ஆக வந்த ஆறணா 37 ஆயிற்று. எப்போதும் ஒரே பக்கம் தள்ளும் இந்தப் பாரபட்சத்தைத் தவிர்க்கத்தான், சரிபாதி வரும்போது முந்திய இலக்கத்தை இரட்டைப்படையாக்கு என்று பௌதிகப் புத்தகம் விதிக்கிறது, அதன்படி 37.5 என்பது 38 ஆகும், 36.5 என்பது 36 ஆகும்.

இனி ஆய்வகத்து மேஜைக்கு வருவோம். 0.01 மில்லிமீட்டர் மீச்சிற்றளவுள்ள திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து 0.46 மில்லிமீட்டர் என்று மாணவன் குறிக்கிறான். குறுக்குவெட்டுப் பரப்பைக் கால்குலேட்டரில் போட்டால் 0.166190251 என்று ஒன்பது தசம ஸ்தானம் திரையில் வருகிறது. முதல் இரண்டு இலக்கத்துக்கு அப்பால் இருப்பவற்றைத் தந்தது கம்பி அன்று, யந்திரம். லாகரிதம் அட்டவணைகளை வைத்துக் கணக்கிட்ட தலைமுறைக்கு இந்தச் சோதனை குறைவு. நாலு இலக்க அட்டவணை நாலு இலக்கத்துக்குமேல் தரமாட்டாது. நழுவு அளவுகோலில் மூன்றாவது இலக்கத்தைக் காண்பதற்கே கண்ணைச் சுருக்கவேண்டும். கருவியின் ஏழ்மை அன்று கணக்கிடுபவனை நேர்மையோடு வைத்திருந்தது. இன்று அந்த நேர்மையை மாணவனே தன் முயற்சியால் கைக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அதே கம்பியில் விதியின் குறையும் தெரிகிறது. இரண்டு எண்ணுரு என்ற விதிப்படி விடை 0.17. ஆனால் விட்டத்தில் 0.01 ஐயம் இருந்தால் அது 100-க்கு 2 பங்குக்குச் சற்று மேல். பரப்பில் அது இரட்டித்து 4 பங்குக்கு மேல் ஆகும். ஆகவே பரப்பு 0.166 ± 0.007 என்பதே உள்ளதை உள்ளபடி சொல்வது. 0.17 என்று நிறுத்தினால் கையில் இருந்த செய்தியில் சிறிது வீணாகிறது. இன்னும் ஒன்று: 99-ம் இரண்டு இலக்கம், 10-ம் இரண்டு இலக்கம், கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் முன்னதில் நூறில் ஒரு பங்கு பிழை, பின்னதில் பத்தில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் சமமாகப் பாவிக்கும் விதி சௌகரியத்துக்காக ஏற்பட்ட சுருக்கமே அன்றி சாஸ்திரத்தின் முடிந்த முடிபு அன்று. 1993-ல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவீட்டு ஐயப்பாட்டு வழிகாட்டி, இலக்கங்களை எண்ணுவதற்குப் பதிலாக ஐயத்தையே தனியாகக் கணக்கிட்டு ± குறியோடு எழுதும் முறையை ஒழுங்குபடுத்தியது. ஆய்வகங்கள் பலவும் இன்று அந்த வழியில் நடக்கின்றன. முக்கிய எண்ணுரு பள்ளிக்கூடத்துக்குரிய முதற்படி; அதுவே மேல்தளம் என்று எண்ணிவிடக் கூடாது.

மழைக்கணக்கின் நேர்மை

புணேயில் இந்தப் பாடத்தை நித்தியமும் நடத்திக்கொண்டிருக்கும் ஸ்தாபனம் வானிலைத் துறை. 1928-ல் தலைமையகம் சிம்லாவிலிருந்து புணேக்கு வந்தது; 1944-ல் அது டில்லிக்குப் போய்விட்டபோதிலும், சிவாஜிநகரில் உள்ள கட்டடத்துக்குச் சிம்லா ஆபீஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அத்துறையின் மழைமானிகளில் ஒரு வகைக்கு வாய் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அதற்குள் 20 மில்லிலிட்டர் நீர் சேரும். மறுநாள் காலை 8.30 மணிக்கு அதை அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது 2 மில்லிலிட்டர் நீர் வரை, கணக்கில் குறிக்கிறார்கள். அந்தப் பத்தில் ஒன்று பானைக்குள் விழுந்த நீருக்குச் சத்தியம். ஆனால் சிவாஜிநகரில் பதிவான அளவைச் சாங்விக்கும் அதே தசம ஸ்தானத்தோடு பொருத்திப் பேசுவது சத்தியமாகாது. ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளே மழைநாள் என்பது துறையின் இலக்கணம். இந்த விசித்திரமான எண் அங்குலக் காலத்திலிருந்து வந்தது: அன்று எல்லை 10 சென்ட், அதாவது 0.10 அங்குலம். அதை மாற்றினால் 2.54 மில்லிமீட்டர், அதைச் சுருக்கி 2.5 என்று விதித்தார்கள். விதித்த எண் ஆகையால் அதில் பிழை என்பதற்கே இடமில்லை.

பருவமழை முன்னறிவிப்பின் கதை 1886-ல் தொடங்குகிறது. இன்று ஏப்ரல் மாதத்தில் அறிவிப்பு வரும்போது, 1971 முதல் 2020 வரையிலான ஜூன்–செப்டம்பர் சராசரி மழை 87 சென்டிமீட்டர் என்று கொண்டு, அதில் இத்தனை சதவீதம் என்று சொல்லி, முன்னறிவிப்பு முறையின் பிழை ± 5 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 2023-ல் 96 என்றார்கள், பெய்தது 94. 2024-ல் 106 என்றார்கள், பெய்தது 108. இரண்டும் தாங்கள் சொன்ன எல்லைக்குள்ளேயே விழுந்தன. இத்தகைய அறிவிப்பைப் பத்திரிகைகள் சுருக்கி வெளியிடும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ± 5 தான். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஜோசியம்.

அளந்தது விதித்ததாகும் விதம்

அளந்த எண் ஒரு நாள் விதித்த எண்ணாக மாறிவிடுவதும் உண்டு. ஒளியின் வேகத்தை மூன்று நூற்றாண்டுகள் அளந்துகொண்டே வந்தார்கள். 1983-ல் அது வினாடிக்கு 299,792,458 மீட்டர் என்று விதிக்கப்பட்டு, மீட்டரின் நீளமே அதிலிருந்து பெறப்படுவதாயிற்று. அன்றுமுதல் அந்த ஒன்பது இலக்கங்களில் ஐயம் இல்லை. பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளையே கிலோகிராம் என்பது பழைய விதி; டில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வகம் வைத்திருப்பது அதன் 57-ஆம் எண்ணிட்ட பிரதி. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி, அவகாட்ரோ எண் முதலியன விதிக்கப்பட்ட எண்களாகி, கிலோகிராமும் பிளாங்க் மாறிலியிலிருந்து பெறப்படுவதாயிற்று. அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்பதற்கு அப்பால் இலக்கமே கிடையாது. பாரிஸ் உருளையோ அன்றுமுதல் மற்றப் பொருள்களைப்போல் எடைபோட்டுப் பார்க்கவேண்டிய ஒரு பொருளாயிற்று.

இதே பாகுபாடு நம் நதிநீர் வழக்கிலும் தெரிகிறது. காவிரியில் தமிழகத்துக்குப் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. வரவேண்டும் என்று 2007-ல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதில் 14.75 குறைத்து 177.25 என்று நிர்ணயித்தது. அளந்த எண்களானால் 192-லிருந்து 14.75-ஐக் கழித்த விடையை 177 என்றே முழுமைப்படுத்தவேண்டும். ஆனால் இவை தீர்ப்பின் எண்கள், கால் டி.எம்.சி.யும் உரிமையே. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று நாம் தினமும் படிப்பது வேறு ஜாதி. 120 அடி நீர்மட்டத்தை அடியின் நூறில் ஒரு பங்கு வரை இன்று அளக்கலாம். ஆனால் 1934-ல் கட்டி முடிந்த அணையின் அடியில் வண்டல் படிந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த நான்கு இலக்கங்கள் இன்றைய கொள்ளளவுக்குச் சாட்சி சொல்ல முடியாது. விதித்த எண்ணின் உறுதியை அளந்த எண்ணுக்குக் கொடுத்தாலும், அளந்த எண்ணின் தளர்ச்சியை விதித்த எண்ணில் கண்டாலும் விவாதம் முற்றுப்பெறாமல் நீளும்.

வகுப்பறைக்கு ஒரு யோசனை

இவ்வளவும் தொகுத்துப் பார்க்கையில், பாடத்தின் வரிசையையே சற்று மாற்றலாம் என்பது என் அபிப்பிராயம். பூஜ்ய விதிகளை முதலில் ஒப்புவிக்கச் செய்து, அளவிகளைப் பிறகு ஆய்வகத்தில் கொடுப்பது இன்றைய வழக்கம். அதற்கு மாறாக, ஒரே கம்பியை வகுப்பு முழுவதும் அளந்து, வந்த விட்டங்களைக் கரும்பலகையில் அடுக்கிப் பார்த்துவிட்டால், கடைசி இலக்கம் ஏன் தள்ளாடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்; கருவியின் சுழிப்பிழையைக் கழித்தபின் எல்லா விடைகளும் சேர்ந்து ஒரு பக்கம் நகர்வதையும் காணலாம். அதன்பிறகு விதிகள் தாமாகவே பொருள் பெறும். பரீட்சையிலும், 0.00450-க்கு எத்தனை முக்கிய எண்ணுரு என்று கேட்பதோடு நில்லாமல், ஒரு பத்திரிகைச் செய்தியைக் கொடுத்து, இதில் எண்ணியது எது, விதித்தது எது, அளந்தது எது, அளந்ததில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்று கேட்கலாம். அதற்கு மார்க் போடுவது ஆசிரியருக்குச் சிரமமே. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை எழுதப் பழகிய மாணவன், அணைத் திறப்பு, மருந்தின் அளவு, தேர்தல் கணிப்பு, விலைவாசிக் குறியீடு என எதைப் படித்தாலும், அதைச் சொன்னவர் எவ்வளவுக்குப் பொறுப்பேற்கிறார் என்று கேட்டுக்கொண்டே படிப்பான்.